14 கிலோ கேஸிலிருந்து 42 கிலோ கரியமில வாயு: கணக்கு உதைக்கிறதா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நம் வீட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்று கணக்குப் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். மின்சாரம், பெட்ரோல் இரண்டையும் எழுதிவிட்டோம். சமையல் கேஸில் வந்து நின்றுவிட்டோம். ஒரு சிலிண்டர் எரிந்து முடிந்தால் 42 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும் என்று அவளுடைய பாடக் குறிப்பில் இருக்கிறது. சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ கேஸ்தானே? 14 கிலோ எரிந்து 42 கிலோ எப்படி வரும்? அச்சுப் பிழையா? இதை யார், எந்தக் கருவியை அடுப்பின் மேல் வைத்து அளந்தார்கள்? எங்கள் வீட்டுப் பழைய அடுப்புக்கும் இதே எண் பொருந்துமா?

— வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பாடக் குறிப்பில் அச்சுப் பிழை இல்லை. உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான். உள்ளே இருந்ததைப் போல மூன்று மடங்கு வெளியே வருகிறது என்றால் எங்கேயோ உதைக்கிறதே என்று நிறுத்திக் கேட்பவர்தான் கணக்கை ஒழுங்காகப் பார்ப்பவர். பலரும் அந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகவில்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எடை எப்படிக் கூடியது? யார், எப்படி அளந்தார்கள்? உங்கள் வீட்டு அடுப்புக்கு அது பொருந்துமா? இதே வரிசையில் போவோம். கடைசியில், உங்கள் மகள் தன் நோட்டில் எழுதவேண்டிய கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன்.

எடை கூடியது எப்படி?

முதலில் நம் எல்லோருக்கும் இருக்கும் ஒரு எண்ணத்தைக் களைந்துவிடலாம். எரிந்தால் பொருள் குறையும் என்று நினைக்கிறோம். ஒரு சுமை விறகு எரிந்தால் மிஞ்சுவது கூடையளவு சாம்பல். மெழுகுவத்தி எரிந்தால் கொஞ்சம் மெழுகுகூட மிஞ்சுவதில்லை. சிலிண்டரும் அப்படித்தான், தூக்க முடியாமல் வந்தது, போகும்போது ஒரு கையில் தூக்கிப் போகிறார்கள். கண் பார்த்துப் பழகியது இது. அதனால் எரிதல் என்றாலே இழத்தல் என்று மனதில் பதிந்துவிட்டது.

ஐரோப்பிய அறிஞர்களும் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தார்கள். எரியும் பொருளிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறிப் போய்விடுகிறது என்பதே அவர்கள் கொள்கை. பிரான்சின் லவாய்சியர் 1772-இல் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்து, உண்டானவற்றைச் சிதறவிடாமல் பிடித்து எடை போட்டார். எடை குறையவில்லை, கூடியிருந்தது. எரியும் பொருள் காற்றிலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது என்பதை அவர் தராசு காட்டிக்கொடுத்தது. அந்த ஒன்றுக்குத்தான் பின்னர் ஆக்சிஜன் என்று பெயர் வந்தது.

உங்கள் அடுப்பில் நடப்பதும் அதுவே. 42 கிலோவும் சிலிண்டருக்குள் இருந்து வரவில்லை. பெரும்பகுதி உங்கள் சமையலறைக் காற்றிலிருந்து வருகிறது. சிலிண்டருக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது என்றும், ரெகுலேட்டரைத் திறந்ததும் அது வெளியே வருகிறது என்றும் சிலர் நினைப்பதுண்டு. அதுவும் சரியில்லை. சிலிண்டருக்குள் இருப்பது எரிபொருள் மட்டுமே. கரியமில வாயு சுடரில்தான் பிறக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். சமையல் கேஸ் என்று நாம் சொல்லும் எல்.பி.ஜி., அதாவது அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு, பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. இரண்டிலும் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும். கசிவு தெரியவேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் நாற்றப் பொருள் மிகச் சொற்பம். கணக்கில் அது வராது.

ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்துக்கொண்டால் கார்பன் அணுவின் எடை 12, ஆக்சிஜன் அணுவின் எடை 16. புரோப்பேன் மூலக்கூறு ஒன்றில், அதாவது அந்த வாயுவின் மிகச் சிறிய துணுக்கில், 3 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. 36-உம் 8-உம் சேர்த்து எடை 44. எரியும்போது அந்த மூன்று கார்பன்களில் ஒவ்வொன்றும் இரண்டு ஆக்சிஜன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. இதைத்தான் கரியமில வாயு என்கிறோம். இதன் எடை 12-உம் 32-உம் சேர்ந்து 44.

உங்கள் மகளிடம் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்கள். புரோப்பேனின் எடை 44. அது எரிந்து பிறக்கும் மூன்று கரியமில வாயு மூலக்கூறுகளில் ஒவ்வொன்றின் எடையும் 44. ஒன்று போய் அதே எடையில் மூன்று வருகிறது. ஆக, ஒரு கிலோ புரோப்பேனுக்குச் சரியாக 3 கிலோ கரியமில வாயு. பியூட்டேனில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன், எடை 58. அது நான்கு கரியமில வாயுக்களைத் தரும், 176. வகுத்தால் 3.03. கலவை எந்த விகிதத்தில் இருந்தாலும் விடை மூன்றை ஒட்டியே வரும். 14.2-ஐ மூன்றால் பெருக்கினால் 42.6. பாடக் குறிப்பின் எண் வந்துவிட்டது.

இதையே வரவு செலவாகவும் எழுதிப் பார்க்கலாம். 14.2 கிலோ கேஸில் கார்பன் சுமார் 11.6 கிலோ, மீதி 2.6 கிலோ ஹைட்ரஜன். அந்தக் கார்பன் காற்றிலிருந்து ஏறத்தாழ 31 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 42 கிலோ சொச்சம் கரியமில வாயு ஆகிறது. ஹைட்ரஜன் சும்மா இருப்பதில்லை. அது இன்னொரு 21 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சுமார் 23 கிலோ தண்ணீர் ஆகிறது. கேஸும் ஆக்சிஜனும் சேர்ந்து உள்ளே போனது 66 கிலோ. கரியமில வாயுவும் நீராவியுமாக வெளியே வந்தது 66 கிலோ. ஒரு கிராம்கூடத் தொலையவில்லை, புதிதாக முளைக்கவும் இல்லை.

23 கிலோ தண்ணீரா என்று கேட்பீர்கள். உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள். பற்றவைத்த சில நொடிகளில் பாத்திரத்தின் வெளிப்புறம் ஆவி படிந்து மங்கும். கீழ்ப்பகுதியில் சின்னச் சின்னத் துளிகள் கோக்கும். பாத்திரம் சூடேறியதும் மறைந்துவிடும். பாத்திரம் கசிகிறது என்று இதைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கேஸின் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனும் சுடரில் சேர்ந்து உண்டான புதுத் தண்ணீர். கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் அது தெரிவதில்லை. ஆனால் அதோடு சேர்ந்தே பிறக்கும் தண்ணீர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத அந்த 42 கிலோ எவ்வளவு பெரிது என்று அறிய ஆசைப்பட்டால், பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் தரும் கரியமில வாயுவை வேறு எதுவும் கலக்காமல் அதில் நிரப்பினால், நம் ஊர் வெப்பத்தில் அறையின் ஆறில் ஐந்து பங்கு நிறைந்துவிடும்.

அளந்தது யார்?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அடுப்பின் மேல் கருவி வைத்து அளப்பார்கள் என்று நினைப்பது இயல்புதான். காற்றில் கரியமில வாயுவைக் காட்டும் சிறு கருவிகள் கடையில் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் அதை வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டினால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது.

அந்தக் கருவி காட்டுவது செறிவு. பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு கரியமில வாயு என்ற அளவு. திறந்த வெளியில் இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. சமையல் நடக்கும்போது அடுக்களையில் பல மடங்கு ஏறும். சன்னலைத் திறந்தால் இறங்கும். புகைபோக்கி விசிறியைப் போட்டால் இன்னும் இறங்கும். அங்கே நிற்பவர்களின் மூச்சும் அதில் சேரும். ஓர் ஆள் ஒரு நாளில் வெளிவிடுவதே ஏறத்தாழ ஒரு கிலோ. அடியில் ஓட்டையுள்ள தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து, குழாயிலிருந்து இதுவரை எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று சொல்ல முடியுமா? அதே சங்கடம்தான் இங்கேயும். அறையின் காற்றோட்டம் போதுமா என்று பார்க்க அந்தக் கருவி நல்லது. மொத்தம் எவ்வளவு வெளியேறியது என்று அது சொல்லாது.

அதனால் உலகம் முழுவதும் இந்த உமிழ்வை, அதாவது அடுப்பும் இயந்திரமும் காற்றில் கலக்கவிடும் வாயுவை, பெரும்பாலும் வெளியேறும் இடத்தில் அளப்பதில்லை. உள்ளே போகும் இடத்தில் அளக்கிறார்கள். கார்பன் எங்கும் தொலையாது. எரிபொருளில் எவ்வளவு கார்பன் இருந்ததோ அவ்வளவும் வெளியே வந்தே ஆகவேண்டும். எனவே எவ்வளவு எரிபொருள் எரிந்தது, அதில் கார்பன் எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால் போதும். புகையைத் துரத்த வேண்டியதில்லை.

இரண்டில் முதலாவதை நீங்களே அளக்கலாம். இரண்டாவது ஆய்வகத்தின் வேலை. கேஸ் மாதிரியை கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவிக்குள் அனுப்புவார்கள். கலவையில் உள்ள வாயுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எத்தனை விழுக்காடு என்று சொல்லும் கருவி அது. புரோப்பேன் இவ்வளவு, பியூட்டேன் இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் கார்பன் எவ்வளவு என்பது நாம் மேலே போட்ட பெருக்கல்தான்.

இப்படிக் கிடைக்கும் எண்ணுக்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். ஓர் அலகு எரிபொருளுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதைச் சொல்லும் எண். நாடுகள் தங்கள் கணக்கை ஒரே முறையில் போடவேண்டும் என்பதற்காக, ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2006-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எல்.பி.ஜி.க்கு அது தரும் காரணி, ஒரு ஜிகாஜூல் வெப்பத்துக்கு 63.1 கிலோ. ஜிகாஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் ஒரு பெரிய அலகு. உங்கள் சிலிண்டர் ஒன்று அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 0.67 ஜிகாஜூல் தரும். பெருக்கினால் சிலிண்டருக்கு ஏறத்தாழ 42.4 கிலோ.

அணு எடையை வைத்துப் போட்டபோது 42.6, வெப்பத்தை வைத்துப் போட்டால் 42.4. இந்தச் சிறு வித்தியாசம் பிழையில்லை. எல்லா ஊர் கேஸும் ஒரே கலவையாக இருப்பதில்லை. வழிகாட்டியே 63.1-ஐ நடுவில் வைத்து, 61.6 முதல் 65.6 வரை போகலாம் என்று இடம் விட்டிருக்கிறது. தன் நாட்டுக் கேஸைத் தானே ஆராய்ந்து சொந்தக் காரணி வைத்துக்கொள்ளும் நாடு அதைப் பயன்படுத்தலாம். அப்படி இல்லாத நாடு பொது எண்ணை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகளின் கணக்குக்கு, கிலோவுக்கு 3 கிலோ என்ற முழு எண் தாராளமாகப் போதும். நூற்றுக்கு ஒன்று இரண்டு கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் அடுப்புக்குப் பொருந்துமா?

பொருந்தும். இங்கேயும் களையவேண்டிய ஓர் எண்ணம் இருக்கிறது. நீலச் சுடர் நல்ல சுடர், அதனால் அதில் கரியமில வாயு குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி தவறு. நீலச் சுடர் என்றால் கேஸ் முழுமையாக எரிகிறது என்று பொருள். அதாவது கார்பன் ஏறக்குறைய அத்தனையும் கரியமில வாயுவாக மாறுகிறது.

சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுத்தால் கேஸ் அரைகுறையாக எரிகிறது. அந்தக் கறுப்பு எரியாமல் நின்ற கார்பன். இன்னொரு பங்கு கார்பன் மோனாக்சைடு ஆகியிருக்கும். ஒரே ஓர் ஆக்சிஜன் சேர்ந்த, மூச்சுக்கு நஞ்சான வாயு. கரியமில வாயு கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் குறைவில் நமக்கு ஒரு நன்மையும் இல்லை. வெப்பமும் குறையும், உடலுக்கும் கேடு. வெளியே போன கார்பன் மோனாக்சைடும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், காற்றிலேயே கரியமில வாயுவாக மாறிவிடும். அதனால்தான் 2006 வழிகாட்டி கார்பன் முழுவதும் எரிந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பர்னர் கண்கள் அடைத்திருந்தால் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சுடர் அப்போதும் நீலத்துக்குத் திரும்பாவிட்டால் கேஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

அப்படியானால் பழைய அடுப்புக்கும் புது அடுப்புக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். ஒரு கிலோ கேஸ் எந்த அடுப்பில் எரிந்தாலும் 3 கிலோதான். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு எத்தனை கிலோ தேவை என்பதுதான் அடுப்புக்கு அடுப்பு மாறும். எரியும் வெப்பத்தில் எத்தனை பங்கு பாத்திரத்துக்குள் போகிறது என்பதை வெப்பத் திறன் என்பார்கள். வீட்டு எல்.பி.ஜி. அடுப்புக்கு அது குறைந்தது 68 விழுக்காடு இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மீதி வெப்பம் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி அறைக்குள் போய்விடுகிறது.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, 68 விழுக்காடு திறனுள்ள அடுப்பில் சுமார் 9 கிராம் கேஸ் ஆகும். 27 கிராம் கரியமில வாயு. வெளியேறும் வாயு குறையவேண்டுமானால் எரியும் கேஸ் குறையவேண்டும். வேறு வழி இல்லை. பாத்திரத்தை மூடி வைப்பது, பருப்பை ஊறவைத்து வேகவைப்பது, கொதி வந்ததும் சிம்மில் வைப்பது, பாத்திரத்தின் அடியைத் தாண்டிச் சுடர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது என்று நம் வீடுகளில் சிக்கனத்துக்காகச் செய்யும் எல்லாமே அந்த வழிதான்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

வருடத்துக்கு எத்தனை சிலிண்டர் என்று எண்ணி 42.4-ஆல் பெருக்குவது எளிய முறை. ஆனால் ஒரு சிறு சிக்கல் வரும். இரட்டை சிலிண்டர் இணைப்பு உள்ள வீட்டில், புக் செய்த எண்ணிக்கையும் எரித்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. டிசம்பர் கடைசியில் வந்த சிலிண்டர் பிப்ரவரி வரை மூலையில் நிற்கலாம். அதனால் புக்கிங் தேதியை விட்டுவிட்டு, ஒரு சிலிண்டரைக் கழற்றி அடுத்ததை மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பது நல்லது.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் எடை போடுங்கள். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றில் அதன் வெற்று எடை கிலோவில் எழுதியிருக்கும். பெரும்பாலும் 15, 16 கிலோவை ஒட்டி வரும். பக்கத்துத் தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருப்பதை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அடுத்த பாதுகாப்புச் சோதனைக்கான காலாண்டும் வருடமும். வெற்று எடை 15.6 என்றால் நிறைந்த சிலிண்டர் 29.8 கிலோ இருக்கவேண்டும். கொண்டுவந்து கொடுப்பவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பத்து நாள் கழித்து ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு எடை போடுகிறீர்கள்; 24.3 என்று காட்டுகிறது. எரிந்தது 5.5 கிலோ. கரியமில வாயு 16.5 கிலோ. கணக்கு முடிந்தது.

அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை ரெகுலேட்டரில் பொருத்தி, அதைப் பார்த்து மீதியைக் கணக்கிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நடக்காது. சிலிண்டருக்குள் துளி திரவம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. முக்கால் நிறைந்திருந்தாலும் கால் நிறைந்திருந்தாலும் ஒரே அழுத்தம்தான். தராசு இல்லாதவர்களுக்கு ஈரத்துணி உதவும். சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஓரிரு நிமிடம் பொறுங்கள். திரவம் இருக்கும் உயரம்வரை ஈரம் தாமதமாகக் காயும். அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். அந்தக் கோடுதான் மீதி கேஸின் மட்டம். தோராயத்துக்கு அது போதும், கணக்குக்குத் தராசுதான்.

குழாய் வழியே கேஸ் வரும் வீடுகளில் வேலை இன்னும் எளிது. அங்கே வருவது இயற்கை எரிவாயு, பெரும்பகுதி மீத்தேன். மீட்டரும் பில்லும் அதை எஸ்.சி.எம். என்ற அலகில் காட்டும். குறிப்பிட்ட வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரு கன மீட்டர் இடத்தை அடைக்கும் வாயு என்று அதற்குப் பொருள். ஓர் எஸ்.சி.எம்.முக்கு ஏறத்தாழ 1.9 கிலோ கரியமில வாயு. ஒரே அளவு வெப்பத்துக்கு ஒப்பிட்டால் எல்.பி.ஜி. 63.1 கிலோ தரும் இடத்தில் இது 56.1 கிலோதான் தரும். மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன். வெப்பத்தில் பெரும்பங்கு தண்ணீராகும் ஹைட்ரஜனிலிருந்து வருகிறது என்பதே காரணம். ஆனால் மீத்தேன் எரியாமல் கசிந்தால் நிலைமை தலைகீழ். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

எண்ணோடு எல்லையையும் எழுதுங்கள்

கடைசியாக ஒன்று. இதுவரை போட்டது அடுப்பில் எரிந்ததற்கான கணக்கு மட்டும். கேஸைச் சுத்திகரிக்கவும், கப்பலிலும் லாரியிலும் கொண்டுவரவும் ஆன எரிபொருள் இதில் இல்லை. அதைச் சேர்க்கும் கணக்கும் உண்டு, சேர்க்காத கணக்கும் உண்டு. இரண்டும் சரியே, எது என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

இந்த எல்லை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மின் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் சுடரே இல்லை, ஆகவே கரியமில வாயுவும் இல்லை என்பது பரவலான நம்பிக்கை. உங்கள் அடுக்களைக்குள் மட்டும் பார்த்தால் அது உண்மை. ஒரு சிலிண்டரின் வெப்பம் 187 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்; அதில் 68 விழுக்காடு, சுமார் 127 யூனிட், பாத்திரத்துக்குள் போகிறது. இண்டக்‌ஷன் அடுப்பின் திறனை 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அதே சமையலுக்கு 150 யூனிட் ஆகும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. பெருக்கினால் 105 கிலோ. கம்பியில் வீணாகும் மின்சாரத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். கேஸில் 42, இண்டக்‌ஷனில் 105. மாடியில் சூரியத் தகடு போட்டு அந்த மின்சாரத்தில் பகலில் சமைப்பவருக்கு இந்த 105 பொருந்தாது. அவருடைய கணக்கு பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக மற்றவர்களுக்கும் இந்த எண் இறங்கும். அதனால் இந்த ஒப்பீட்டை ஒருமுறை போட்டு மூடிவைக்கக் கூடாது. வருடாவருடம் புது எண்ணை வைத்துப் போடவேண்டும்.

வெந்நீருக்கு விறகு எரிப்பவராக இருந்தால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். விறகிலிருந்தும் கரியமில வாயு வருகிறது. ஒரே வெப்பத்துக்கு எல்.பி.ஜி.யைவிட அதிகம். ஆனால் வெட்டிய மரத்துக்குப் பதில் இன்னொன்று வளர்ந்தால் அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், நாடுகள் அதை எரிபொருள் கணக்கில் கூட்டாமல் நிலம், காடு சார்ந்த கணக்கில் வைக்கின்றன. புகையால் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் வரும் கேடு எந்தக் கணக்கில் வைத்தாலும் குறையாது. அடுக்களைக்குக் கேஸ் வந்ததால் நம் பெண்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை அந்தப் புகை நீங்கியதுதான். 42 கிலோ என்ற எண்ணைப் பார்த்து அந்த நன்மையை யாரும் மறந்துவிடக் கூடாது.

இந்தியா ஒரு வருடத்தில் எரிக்கும் எல்.பி.ஜி. ஏறத்தாழ 3 கோடி டன். பெரும்பகுதி வீட்டு அடுப்புகளில்தான். உங்கள் மகள் கற்ற அதே மூன்றால் பெருக்கினால் 9 கோடி டன் கரியமில வாயு. நாட்டின் மொத்த உமிழ்வில் இது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. நாட்டுக் கணக்குப் போடும் நிபுணர்களும் இந்தப் பெருக்கலைத்தான் போடுகிறார்கள். அவர்களிடம் எண்ணெய் நிறுவனங்களின் விற்பனைக் கணக்கு இருக்கிறது, உங்களிடம் காலண்டரும் தராசும் இருக்கின்றன.

இனி நோட்டுக்கு. உங்கள் வீட்டில் வருடத்துக்கு 8 சிலிண்டர் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எரிந்த கேஸ்: 8 × 14.2 = 113.6 கிலோ. உமிழ்வுக் காரணி: கிலோவுக்கு 2.986 கிலோ, 42.4-ஐ 14.2-ஆல் வகுத்தால் வருவது இதுதான். விடை: சுமார் 339 கிலோ கரியமில வாயு. அதன் கீழே ஒரு வரி: ‘அடுப்பில் எரிந்தது மட்டும், உற்பத்தியும் போக்குவரத்தும் சேர்க்கப்படவில்லை.’ அந்த வரியையும் எழுதச் சொல்லுங்கள். எண் எங்கிருந்து வந்தது, எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று எழுதியிருந்தால்தான் அடுத்த வருடக் கணக்கை அதோடு வைத்துப் பார்க்க முடியும். 339 உண்மையிலேயே இறங்கியதா என்பது அப்போதுதான் தெரியும்.